மேயர் வாசித்த பெயர்

அன்புள்ள பிரகதா,

நான் உன்னை நினைத்து அழுது, சோற்றை வெறுத்து, படுத்த படுக்கையாகக் கிடந்தேன் என்று இந்த ஊரில் ஒரு கதை நடமாடுகிறது. அது பொய். நீ இங்கிலாந்தில் காணாமல் போய்விட்டாய் என்று செய்தி வந்த அன்று நான் புளியோதரை சாப்பிட்டேன். உப்பு குறைவு என்று சமைத்தவளிடம் சொல்லவும் செய்தேன். இரண்டாவது கதை இதைவிட மோசம். "அந்தம்மா ஒரு கடுதாசி போட்டு அதட்டினாக. புள்ளை பயந்துபோயி வெள்ளைக்காரப் பேரைத் தூக்கிப் போட்டுருச்சு" என்கிறார்கள். என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் உன்னை அதட்டவில்லை. பெயரை மாற்று என்றும் எழுதவில்லை, மாற்றாதே என்றும் எழுதவில்லை. செய்தது முழுக்க நீ. எனக்குச் சேராத பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. உனக்குச் சேர வேண்டியது வேறொருவர் கணக்கில் போவதையும் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நம் மாதர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஊறுகாய்க் குறிப்பு தருவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தரப்போகிறேன். ஊர் முழுக்கப் பேசியதற்கு ஊர் படிக்கும்படிதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிரதியை உனக்குத் தபாலில் சேர்க்கிறேன். மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பொறுமையாகப் படி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் காட்டுகிற பொறுமையில் கொஞ்சம் எனக்கும் மிச்சம் வை.

கல்யாணமாகி வெகு காலம் எனக்குக் குழந்தை இல்லை. உன் அப்பா திருக்கோகர்ணத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டார். நீ பிறந்ததும் அம்மனின் பெயரையே வைத்தார்: பிரகதாம்பாள். எனக்கு அது நீளமாகப் பட்டது. "கூப்பிடச் சின்னதா ஒண்ணு வைக்கலாமே" என்றேன். அவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர், கண்மாய்க் கரைகளை அளந்து பழுது பார்க்கிற உத்தியோகம். "கரையைக் குறைச்சா தண்ணி எப்பிடி நிக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் பிரகதா என்று சுருக்கிக் கூப்பிட்டேன். அவர் கடைசி வரை முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிட்டார், சோற்றுக்குக் கூப்பிடும்போதுகூட.

அவர் பெயரை மட்டும் நான் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். நான் திருச்சியில் கான்வென்டில் தங்கிப் படித்தவள். இங்கிலீஷ் இலக்கணத்தில் இந்தத் தெருவில் எவரும் என்னைத் திருத்த முடியாது. ஆயுள் குறையும் என்பதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவேன், வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். வாக்காளர் பட்டியலுக்கு வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு வந்த குமாஸ்தாவிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்றான் அவன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஒரு கிருத்திகைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு குமரமலைக்குப் பஸ் ஏறினேன். உனக்கு நினைவிருக்கும். உன் அப்பாவின் பெயர் குமாரசாமி. அதனால் அந்த மலையின் பெயரும் என் வாயில் வராது. கண்டக்டர் வந்து நின்றான்.

"எங்கங்க போகணும்?"

"முருகன் மலைக்கு."

"முருகன் நிக்கிற மலையெல்லாம் நம்ம பஸ்ஸு போகாதுங்களே. விராலிமலையா, குன்றக்குடியா?"

"இந்தப் பஸ் போற வழியில இருக்குற மலைக்கு."

"பேரச் சொன்னாத்தாங்க டிக்கெட்டு கிழிக்க முடியும்."

பின் ஸீட்டில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஏப்பா, அவுக வீட்டுக்காரர் பேரா இருக்கும். விடப்பா" என்றாள். "அப்ப அவுக வீட்டுக்காரரு பேரு விராலியா?" என்று அவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. அப்போது நீ ஸீட்டின் மேல் ஏறி நின்றாய். "குமரமலை! எங்கப்பா பேரு குமாரசாமி! மராமத்து ஓவர்சியரு! ஒரு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு குடுங்க!" என்று கத்தினாய். கண்டக்டர் நெற்றியில் கை வைத்து உனக்கு ஒரு சலாம் போட்டான். நான் உன் தொடையில் கிள்ளினேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் புகார் சொன்னபோது அவர் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சிரித்தார். "ஒனக்கும் சேத்து அவ சொல்லிக்கிருவா" என்றார்.

நீ பள்ளிக்கூடத்தை முடிக்கும் முன்பே அவர் போய்விட்டார். நீ நர்ஸ் படிப்புக்குச் சீமைக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது, எதிர்வீட்டுச் சிவகாமி என்னைத் தேடி வந்து புத்தி சொன்னாள். "ஏன்க்கா, அடுத்தவுக பீ மூத்திரம் அள்ளுறதுக்கா கப்பலேறணும்?" என்றாள். "நாளைக்கு நீ படுத்தா யாருடி அள்ளுவா? சொல்லு, அவளை அனுப்பலை" என்றேன். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். உன்னை அனுப்பினேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்த இடத்தில் உன் அப்பாவின் பெயரைப் போட்டோம். பிரகதாம்பாள் குமாரசாமி என்று தட்டச்சில் அடித்து வந்ததைப் பார்த்தேன். இரண்டு பெயரும் ஒரே வரியில், இடையில் ஒரு புள்ளிகூட இல்லாமல் நின்றன. நல்ல ஆகிருதியான வரி என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு உன் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. குளிர், வேகவைத்த உருளைக்கிழங்கு, எலும்புகளின் பெயர்கள், படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் முறை என்று எல்லாம் எழுதினாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அது எனக்குத் தெரிய வந்தது சிவகாமியின் தம்பி மூலமாக. அவன் லண்டனில் இஞ்ஜினீயரிங் படிக்கிறான். விடுமுறையில் ரயிலேறி, வடக்கே நீ இருக்கும் மில் ஊருக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, பிரகதாம்பாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். வாசல்காரன் நோட்டைப் புரட்டிவிட்டு அப்படி யாரும் இங்கே கிடையாது என்றானாம். "இந்தியப் பெண்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். இந்தியப் பெண்கள் நிறையப் பேர் உண்டு, அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று பதில் வந்ததாம். திரும்பிப் போய் அக்காளுக்கு எழுதிவிட்டான்.

சிவகாமி அன்றைக்குத் தலை முடியக்கூட நிற்காமல் ஓடி வந்தாள். "அக்கா, ஒங்க மக அங்கிட்டு இல்லையாம்ல! அப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னுட்டானாம்! ரெண்டு வருசமா ஒங்களுக்குக் கடுதாசி போடுறது யாருக்கா?"

"என் மகதான்."

"அப்ப எங்க இருந்து போடுறா?"

"அங்க இருந்துதான். ஒன் தம்பி தப்பான பேரைச் சொல்லிக் கேட்டிருக்கான்."

"அம்மனோட பேரு தப்பான பேராக்கா?" என்று வாயில் கை வைத்தாள். நான் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் புளியோதரை. அவ்வளவு நிதானமாக நான் இருந்ததற்குக் காரணம் கல் நெஞ்சு இல்லை. அவள் சொன்னதைக் கேட்ட உடனேயே உனக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் எனக்கும் அது நடந்திருக்கிறது. உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. கான்வென்டில் என் பெயர் ஆக்னஸ்.

மதம் மாற்றவில்லை. திருநீறு பூசிக்கொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்தேன். ஐரிஷ்காரக் கன்னியாஸ்திரீ ஒருவர், நாங்கள் சேர்ந்த அன்றைக்கு வரிசையாக நிற்க வைத்து, உச்சரிக்க வராத பெயர்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பெயர் கொடுத்துக்கொண்டே போனார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவர். எனக்கு ஆக்னஸ் வந்தது. பக்கத்தில் நின்றவளுக்கு மார்கரெட். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அந்தப் பெயரைக் கான்வென்ட் வாசலிலேயே விட்டுவிட்டு வருவோம். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை, என் அப்பா பரிசளிப்பு விழாவுக்கு வருகிற வரை.

என் அப்பா கீழராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இங்கிலீஷ் தெரியாது. அந்த வருஷம் நான் வகுப்பில் முதல் பரிசு வாங்குகிறேன் என்று தெரிந்து, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு திருச்சிக்கு வந்து, பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஆக்னஸ் என்று கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறிப் புத்தகத்தை வாங்கினேன். எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சீருடை, ஒரே பின்னல், முதுகு மட்டும் தெரிய நிற்கிறோம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கடைசிப் பெயர் வரை காத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையாளர் அறையில் என்னைக் கண்டதும், "ஒன் பேரக் கூப்பிடவே இல்லையே ஆத்தா? மறந்துட்டாகளா? நான் போயிக் கேக்கவா?" என்றார். நான் புத்தகத்தை நீட்டினேன். "இது யாரு புஸ்தகம்?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். ஆக்னஸ் என்றால் நான்தான் என்று விளக்கினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அடடா, அந்தப் புள்ளைக்கு நான் கை தட்டலையே!" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே, அந்தச் சின்ன அறையில், பட்டுத்துணியை உதறுவதுபோல் கையை அகல விரித்து, தனியாகத் தட்ட ஆரம்பித்தார். கன்னியாஸ்திரீ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. மேடையில் மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் தட்டினார்களோ அவ்வளவு நேரம் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆகவே சிவகாமியை அனுப்பிவிட்டு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊர் சொல்கிற அதட்டல் கடிதம் அதுதான். அதில் இருந்ததை இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்: "அங்கே உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? உடம்பு எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் கிடைக்கிறதா?" இவ்வளவுதான். இதில் அதட்டல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் என் வீட்டுக்கு வரலாம்.

நீ மறைக்காமல் பதில் எழுதினாய். அந்த ஊரில் நர்ஸ்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். உன் அப்பாவின் பெயரும் நீளம், உன் பெயரும் நீளம். பயிற்சி வகுப்பின் முதல் நாளில் ஸிஸ்டர் ட்யூட்டர், அதாவது உங்களுக்குப் பாடம் நடத்துகிற மூத்த நர்ஸ், "வலியில் கிடக்கிறவர்கள் இவ்வளவு பெரிய பெயரோடு மல்லுக்கட்ட முடியாது. நீ நர்ஸ் ஹெலன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டாராம். உனக்கு அது தவறாகவும் படவில்லை, சரியாகவும் படவில்லை என்று எழுதியிருந்தாய். "உனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை, அம்மா. இப்போது யாராவது பிரகதாம்பாள் என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனா என்று சந்தேகமாக இருக்கிறது." இந்த வரியைப் படித்தபோதுதான் என் கண்ணாடியைத் துடைத்தேன். அழுகை இல்லை. கண்ணாடி அழுக்காக இருந்தது.

நான் எழுதிய பதிலில் இரண்டு விஷயங்கள்தான். வாசல்காரனிடம் உன் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்து வை, ஊரிலிருந்து யாராவது வந்தால் திண்டாடக் கூடாது என்றேன். ஹெலனைத் திட்டாதே என்றேன். இதை இப்போதும் சொல்கிறேன், உனக்கு மட்டுமில்லை, இதைப் படிக்கிற பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. ஹெலன்தான் அந்தக் குளிரில் விடியலுக்கு முன் எழுந்தாள். ஹெலன்தான் பெட்பேன் எடுத்தாள், சீழ் துடைத்தாள், சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உருளைக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தாள். ஆக்னஸ் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு கோணல் இல்லாமல் எழுதியிருக்க மாட்டேன். அந்நியர் வீட்டில் நனைந்துபோய் நிற்கும்போது ஒரு சேலை கொடுத்தால் கட்டிக்கொள்ளலாம், அதில் அவமானம் இல்லை. ஆனால் இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறியக் கூடாது. நம்முடையது காய்ந்ததும் அவர்களுடையதைத் துவைத்து, மடித்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்போது காய்ந்தது என்று கட்டியிருக்கிறவளுக்குத்தான் தெரியும். தாய் பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நான் பேசாமல் இருந்தேன். நான் எவ்வளவு சிரமப்பட்டுப் பேசாமல் இருந்தேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தத் தங்க மெடல் செய்தி வந்தது. கடைசிப் பரீட்சையில் நீ முதல். அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரப் பெண்களையும் சேர்த்து அந்த வருஷத்தின் சிறந்த நர்ஸ் நீ. ஊர் மேயர் வந்து எல்லோருக்கும் முன்னால் பெயரை வாசித்து மெடலைக் குத்திவிடுவார் என்றும், மெடலின் பின்புறத்தில் பெயரைப் பொறித்துத் தருவார்கள் என்றும் எழுதியிருந்தாய். நிகழ்ச்சி நிரலில் நர்ஸ் ஹெலன் என்று அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. "சட்டையில் நூலால் தைத்த பெயர் என்றால் பிரித்துவிடலாம் அம்மா, தங்கத்தில் வெட்டினால் எப்படிப் பிரிப்பது?" என்று எழுதினாய். என்ன செய்வது என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டு நான் பதில் எழுதி, அது போய்ச் சேருவதற்குள் விழா முடிந்திருக்கும். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் அறைக் கதவை நீயே தட்டினாய்.

அடுத்த கடிதத்தில் நீ எழுதியதை நான் மனப்பாடமாகவே சொல்வேன். மேட்ரன் நிமிராமல், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மெடலில் என் சொந்தப் பெயர் வேண்டும் என்றாய். "மூன்று வருஷமாக ஹெலனாக இருந்தாயே, திடீரென்று என்ன?" என்றார் அவர். "மூன்று வருஷமாக நோயாளிகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று இருந்தேன். விழாவில் யாருக்கும் வலி இல்லை" என்றாய். "மேயர் சபையில் தடுமாறினால் எனக்கு மரியாதைக் குறைவு. அந்தப் பெயரை யாரால் சொல்ல முடியும்?" என்று கேட்டார். அப்போது நீ சொன்னாயே, அதற்காகவே உன்னைப் பெற்றேன் என்று நினைக்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் காட்டி, "வந்த முதல் வாரத்திலேயே இதன் பெயர் ஸ்பிக்மோமானோமீட்டர் என்று எங்களைச் சொல்ல வைத்தீர்கள், மேட்ரன். சொல்ல வராதவர்களைச் சாப்பாட்டுக்கு விடவில்லை. என் பெயர் அதைவிடச் சின்னது" என்றாய்.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாராம். பிறகு, "நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். மெதுவாகச் சொல்" என்றாராம். நீ சொல்ல, அவர் சொல்ல, அப்படியே தேநீர் ஆறிப்போனது என்று எழுதியிருந்தாய். அந்த வாரம் முழுவதும் வார்டைச் சுற்றி வரும்போது உன் பக்கத்தில் நின்று உன் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாராம். விழா அன்று மேயரை முன்னதாகவே வரவழைத்து, கழுத்துச் சங்கிலியும் அங்கியுமாக அந்தப் பெரிய மனிதரை நிற்க வைத்து, பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல் சரியாக வருகிற வரை சொல்ல வைத்தாராம். கண்டிப்பான பெண்மணி. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் நமஸ்காரத்தைச் சொல்.

அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த படத்தையும் செய்தியையும் கத்தரித்து நீ அனுப்பியது ஒரு மத்தியான வேளையில் வந்தது. தபால்காரர் உறையின் மீதிருந்த ராணியின் தலையைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். நான் உறையைக் கிழிப்பதற்குள் கூடத்தில் உட்கார இடமில்லை. சிவகாமி முதலில் வந்து சேர்ந்தாள், கூடவே அவள் மகள் தெய்வானை. படம் கை மாறியது. "வெள்ளைத் தொப்பியில ராணி கணக்காவுல்ல இருக்கா!" என்றாள் ஒருத்தி. "முடியை வெட்டிட்டான்னு சொன்னீக, இந்தா கொண்டை தெரியுதே" என்றாள் இன்னொருத்தி, சிவகாமியைப் பார்த்து. சிவகாமி, "நான் எங்க சொன்னேன்? என் தம்பி சொன்னான்" என்றாள். பிறகு, "அக்கா, கீழ என்ன எழுதிருக்கு? படிச்சுச் சொல்லுங்க. என்ன பேரு போட்டுருக்காக?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் மிளகாய் இருந்தது.

நான் படித்தேன். "தங்க மெடல் பெறுபவர், தென்னிந்தியாவில் புதுக்கோட்டையைச் சேர்ந்த நர்ஸ் பிரகதாம்பாள்..." என்று வந்து நின்றுவிட்டேன்.

"ஏன்க்கா நின்னுட்டீக? கண்ணாடி எடுத்தாரவா?" என்றாள் சிவகாமி.

"ஏ கூறு கெட்டவளே, அடுத்தாப்புல அவுக வீட்டுக்காரர் பேருல்ல வருது" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த காமாட்சி ஆத்தா. "தெய்வான, நீ வாங்கிப் படி."

தெய்வானை எழுந்து கையை நீட்டினாள். நான் படிக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஊர் மேயர் அதைச் சபையில் சொல்லியிருக்கிறார். மேட்ரன் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறது. உன் அப்பாவுக்குச் சோறு போட்ட நான், அவருக்குப் பிள்ளை பெற்ற நான், அவருடைய மகளின் வெற்றியைப் படிக்கும்போது அவரை விழுங்கிவிட்டு வேறொருத்தி வாயிலிருந்து கேட்பதா? காகிதத்தை நான் கொடுக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். "புதுக்கோட்டையைச் சேர்ந்த நர்ஸ் பிரகதாம்பாள் குமாரசாமி."

குரல் நடுங்கவில்லை. சொல்லப்போனால் தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த வடகத்தைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது, அதை விரட்டக்கூட ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் காமாட்சி ஆத்தாதான் பேசினாள். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. அவருதான் போயிச் சேந்துட்டாரே. இனிமே என்னத்தக் கொறையப் போகுது? நல்லாச் சொல்லு தாயீ."

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள் சிவகாமி.

"நான் என்ன கிராமபோன் தட்டா?" என்றேன். ஆனால் சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. அவர்கள் எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் காபி ஆற்றும்போது யாரும் கேட்காமலே ஒரு தடவை சொன்னேன். நல்ல பெயர், பிரகதா. வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது. இவ்வளவு காலம் எழுதி மட்டுமே வந்திருக்கிறேன்.

சிவகாமி இரண்டு நாள் கழித்துத் தெய்வானையோடு வந்தாள். மகளுக்கும் உன் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பீ மூத்திரம் அள்ளுவதைப் பற்றிச் சிவகாமி பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. தை பிறந்ததும் கப்பல். "அக்கா, இவளுக்கு ரோஸின்னு ஒரு பேரு பாத்து வச்சிருக்கோம். என் தம்பிதான் சொன்னான், மொதல்லயே சொல்லிட்டா வாசல்காரன் இல்லைன்னு சொல்ல மாட்டான்னு. நீங்க கான்வென்ட்ல படிச்சவுக. ரோஸி நல்ல பேருதானேக்கா?" என்று கேட்டாள்.

"இவகிட்டக் கேட்டியா?" என்றேன்.

தெய்வானை தலை குனிந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு எம் பேரே போதும் பெரியம்மா. ஆனா அங்கன போயி நின்ன உடனே அதச் சொல்ற தைரியம் எனக்கு வராது. பிரகதாக்கா மெடல் வாங்குனதுக்கப்புறம் சொன்னாக. நான் மொத நாளே எப்பிடிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. நான் அவளுக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. தங்க மெடல் வாங்கிய பிறகுதான் ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் கிடைக்கும் என்றால், மெடல் வாங்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். நீ இப்போது அங்கே ஸ்டாஃப் நர்ஸ். உன் பெயரை மேட்ரன் வாயாலேயே சொல்ல வைத்தவள். தெய்வானை வந்து சேரும் அன்று ஸிஸ்டர் ட்யூட்டர் புதுப் பெண்களை வரிசையாக நிற்க வைப்பார். அவள் முறை வரும்போது நீ அந்த அறையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவளுக்காக நீ பேச வேண்டியதில்லை. அவளே பேசுவாள், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று நின்றால் போதும். அவளுக்கு ரோஸிதான் வசதி என்று அவளுக்கே தோன்றினால் அதுவும் சரி. ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும், வரிசையில் நிற்க வைத்து வேறொருவர் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

அன்று உனக்கு வார்டில் வேலை இருக்கலாம், மேட்ரனிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். அது உன் பாடு. இருப்பாயா, இருக்க முடியாதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். சிவகாமியிடம் நான் வாய்வார்த்தை சொன்னால் நம்ப மாட்டாள், உன் கையெழுத்தைக் காட்ட வேண்டும். ஆகவே மார்கழி முடிவதற்குள் என் கைக்கு வரும்படி, தெளிவாக, எழுத்தில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா